விளக்குக் கம்பத்தில் என் சாவு

என் மனைவிக்கு,

நான் சாகவில்லை என்பது உனக்கு இப்போது தெரியும். நடந்தது இதுதான்.

ஒரு படம் எடுத்தேன்: செத்தவன் தன் சாவு வீட்டுக்கே வந்து சட்டிகளைத் தட்டிச் சங்கீதம் வாசிக்கிற கதை. அவனுக்கு என் பெயரையே வைத்து மரண அறிவிப்பு அடித்தேன். இங்கே வோலோஸ் நகர விளக்குக் கம்பங்களில் ஒட்டியதைப் படப்பிடிப்பு முடிந்ததும் கிழிக்க மறந்துவிட்டோம்.

மறுநாள் எதிர்வீட்டு எவ்தொக்சியா சாவுக்கு அவித்துச் சர்க்கரை தூவிக் கொடுக்கிற கோதுமையை ஒரு சட்டி நிறைய எடுத்து வந்தாள். நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.

“அடப் பாவி, உசுரோடதான் இருக்கியா? ஒரு கிலோ கோதுமைய வேகவெச்சிட்டேனே!”

“கோதுமைய நான் தின்னுக்கறேன். சட்டிய வாசிக்கக் குடுங்கக்கா.”

கொடுத்தாள். நல்ல நாதம்.

நான் செத்த செய்தி கேட்டு நீ தெசலோனிக்கியில் பஸ் ஏறி, பாதி வழிக்கு மேல் லாரிசா வரை வந்து, நான் உயிரோடிருப்பது தெரிந்ததும் திரும்பிவிட்டாயாம். உன் அண்ணன் சொன்னான்.

எல்லா அறிவிப்பையும் கிழித்துவிட்டேன். நீ வந்தால் இறங்கும் பஸ் நிலையத்தில் இருப்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காலமானவன்