துளசிக்குப் பதிலா நான் பேசினது

ஜூலை 7, திங்கள்
இன்னிக்கும் துளசி ஈர யூனிஃபார்மோடதான் வந்தா. ஒண்ணுக்கு வருதுன்னு மிஸ்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. ஸ்கூல் சேர்ந்ததுலேர்ந்து அங்க ஒரு வார்த்தை பேசலை. வீட்ல தறி நின்னா வாய் ஓயாது! "இப்படியே இருந்தா எங்களால பாத்துக்க முடியாதும்மா"ன்னுட்டாங்க மிஸ். என் பொண்ணு என்ன ஊமையா? விடமாட்டேன்.

ஜூலை 10, வியாழன்
ஆஸ்பத்திரியில குழந்தைங்க மனநலம் பாக்கற மேரி மேடம்கிட்ட போனோம். "உனக்கு எத்தனை வயசு?"ன்னு துளசியைக் கேட்டாங்க. "நாலரை"ன்னேன். "என்ன பிடிக்கும்?" – "பரோட்டா, மேடம்." அதுவும் நான்தான். "துளசி நீங்களா?"ன்னு சிரிச்சாங்க. சுருக்குன்னுச்சு.

கரையைத் தனியாக் கோத்து நெய்யற கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர் உக்காரணும். நடுவுல என் வீட்டுக்காரர் குமரகுரு, வலது கரைக்கு நான். தறிச் சத்தத்துல எங்க வீட்ல பாதிப் பேச்சு கையாலதான். துளசி சொம்பைக் காட்டினா போதும், தண்ணி குடுக்க எழுந்துடுவேன். அதை மேடம்கிட்ட சொன்னேன். "அவளுக்கு வெளியில பேசப் பயம்மா. நீங்க முந்திக்கிட்டா பயம் அப்படியே நின்னுடும். திட்டாம, அவசரப்படுத்தாம காத்திருங்க"ன்னாங்க.

ஜூலை 11
காத்திருக்கறது. நானா? அய்யோ.

ஜூலை 19, சனி
அவரும் வரணும்னாங்க மேடம். "தறியை விட்டுட்டா? வயசானா தானா பேசும்"ன்னாரு. "அப்ப கரைக்கு நான் உக்கார மாட்டேன். ரெண்டு பக்கமும் நீங்களே ஓடி ஓடி நெய்யுங்க"ன்னேன். வந்தாரு. அங்க மேடம் அவ பயத்தைப் பத்திச் சொன்னதும் என்னைவிட அதிகமா அழுதாரு, பாவம்.

ஜூலை 26
கடைக்காரம்மா துளசியை "என்னடி கண்ணு வேணும்?"ன்னாங்க. உதட்டைக் கடிச்சுக்கினு நின்னேன். பின்னாலேர்ந்து ஒருத்தி, "புள்ளை பேசாதா?" பத்திக்கினு வந்துச்சு. "பேசும். உனக்கென்ன அவசரம்?"ன்னேன். துளசி கடலை உருண்டையை விரலால காட்டினா. பேசலை. அவளுக்காக நானும் பேசலை.

ஆகஸ்ட் 6, புதன்
மேடம் மிஸ்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணிட்டாங்க. ஸ்கூல் விட்டப்புறம் காலி வகுப்புல நானும் துளசியும் விளையாடறோம். அங்கயும் என்கிட்ட பேசறா! மிஸ் கதவுகிட்ட வந்தா குரல் இறங்கிடுது. இறங்கட்டும். நாளைக்கும் போவேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்
மிஸ் எங்க பக்கத்துலயே பாய்ல உக்காந்திருந்தாங்க. துளசி காலைப் பின்னிக்கினு என்னைப் பார்த்தா. அது என்னன்னு எனக்குத் தெரியாதா? தூக்கிக்கினு ஓடணும்னு உடம்பு துடிச்சுது. பாய் நனைஞ்சா நனையட்டும்னு உக்காந்திருந்தேன்.

துளசி மெதுவா மிஸ் பக்கம் திரும்பினா. "மிஸ்... ஒண்ணுக்கு."

மிஸ் கையைப் புடிச்சுக்கினு போயிட்டா. ரெண்டு பேரும் என்னைக் கூப்பிடலை.