எதுகைக்காகத் திறந்த கதவு

4.8.1975
பல்கலைக்கழக வளாகம் விடுமுறை. நேற்று ஊருக்கு, இறுப்பிட்டிக்கு, வந்து சேர்ந்தேன். வரமுன் நூலகத்தில் கதைப் புத்தகம் இரவல் கேட்டேன். விடுமுறைக்குப் பாடப் புத்தகம் மட்டும்தான் கொடுப்பார்களாம். அதே சுவரில் சிறுகதைப் போட்டி அறிவித்தல்: 'மாணவரின் படைப்பாற்றலை வளர்ப்போம்.' முடிவுத் திகதி ஆகஸ்ட் 31. கதை எழுதலாம், வாசிக்கத்தான் கூடாது. எப்படியும் ஒன்று எழுதி என் பெயரில் அனுப்பத்தான் போகிறேன்.

8.8.1975
வீட்டில் எங்கே இருந்து எழுதுவது? விறாந்தையில் அப்பாவின் றேடியோ. குசினியில் அம்மா. "உதை நிப்பாட்டிப்போட்டு இந்தத் தேங்காயைத் துருவு." என் முதல் பக்கம் முழுக்கத் தேங்காய்ப்பூ.

ஊர் வாசிகசாலையில் ஆறு கதிரை, ஒரு மேசை, ஒரு அலுமாரி நிறையப் புத்தகம், நல்ல காற்று. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அங்கே இதுவரை ஒரு பெண்ணும் கால் வைத்ததில்லை.

10.8.1975
வாசிகசாலைத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையிடம் போனேன். அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு அம்மான். குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். இப்போது கடையை மகன்மாரிடம் விட்டுவிட்டு, ஊரில் தலைமை தாங்குவதையே தொழிலாக வைத்திருக்கிறார்.

"பொம்பிளையள் வரக்கூடாதெண்டு சட்டம் இருக்கே, அம்மான்?"

"சட்டம் இல்லைப் பிள்ளை. வழக்கம் இல்லை."

"அப்ப நான் வந்தால்?"

"நீர் வந்தால் பெடியள் எங்கை போய்க் கடதாசி விளையாடுறது?"

பாவம், சீட்டாடும் பெடியள். அவர்களில் ஆக இளையவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறது.

13.8.1975
அம்மான் வீட்டுக்கு வந்தார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பிள்ளை, நீர் கம்பஸிலை தமிழ் படிக்கிறீர். ஒரு கல்வெட்டுப் பாடித்தர வேணும்."

"ஐயோ, ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. எனக்குத்தான்."

போன மாதம் அவருடைய மைத்துனர் ஐயாத்துரையின் முப்பத்தோராம் நாள். செத்தவரின் புகழைப் பாட்டாக்கிப் பிள்ளைகள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டில் தகப்பன் பெயர் பிழையாம். 'வள்ளல்' என்று வரவேண்டிய இடத்தில் 'வல்லல்' என்று கிடந்ததாம். தனக்கும் அந்தக் கதி வராமல், உயிரோடு இருக்கும்போதே வாசித்துத் திருத்திவிட நினைக்கிறார்.

"திதியை மட்டும் வெறுமையா விடும். அதைப் பிறகு நிரப்பலாம்."

படைப்பாற்றலை வளர்க்க எனக்கும் ஒரு வாய்ப்பு. முடித்தபின் வாசிகசாலைப் பேச்சை எடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

17.8.1975
'மனைவி புலம்பல்' பகுதியை அம்மானின் மனைவி இராசமணி மாமிக்கு வாசித்துக் காட்டினேன். 'உண்ணேன் உறங்கேனே உம்மைப் பிரிந்தபின்னே.' மாமி அரிசி புடைத்தபடியே கேட்டார்.

"நான் உப்பிடி அழமாட்டன் பிள்ளை. எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிட வேணும்."

அம்மானுக்கு முகம் விழுந்துவிட்டது. தேற்ற நெடுநேரம் எடுத்தது.

19.8.1975
என் கதை ஒரு வரி நகரவில்லை. சாகாதவரின் கல்வெட்டுத்தான் ஓடுகிறது.

21.8.1975
இன்று செய்தது தற்செயலா, கள்ளத்தனமா? எனக்கே தெரியவில்லை.

'பொன்னிறைந்த கடையுடையான் புகழ்நிறைந்த பெயருடையான்.' சுருட்டுக்கடையில் பொன் எங்கே வந்தது? அம்மானுக்குப் பிடித்துக்கொண்டது, சரி. அடுத்த அடிக்கு எதுகை வேண்டும். பொன்னி — கன்னி. கை எழுதிவிட்டது:

'கன்னியர்க்கும் படிப்பறையின் கதவுதிறந் தருளினனே.'

அம்மான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்ப வாசித்தார். "நான் உதைச் செய்யேல்லையே."

"இந்த அடியை எடுத்தால் எதுகை போயிடும், அம்மான்."

"வேறை ஏதும் போடும்."

"அப்ப 'பொன்'னையும் எடுக்க வேணும்."

பொன்னை விட அவருக்கு மனமில்லை. கையால் தடவிப் பார்த்தார். "சரி, கிடக்கட்டும். நான் செத்த பிறகு ஆர் வந்து கேக்கப்போகினம்?"

24.8.1975
சாகும்வரை பொறுக்க அவரால் ஏலவில்லை. இன்று கோயிலடியில் ஆட்களை இருத்தி வைத்து, கல்வெட்டு முழுவதையும் ராகத்தோடு பாடினாராம். பின்னால் நின்று கேட்ட பக்கத்து வீட்டு அம்பிகை வந்து சொன்னாள். முருகேசு வாத்தியார் மட்டும், "அண்ணை, கன்னியருக்குக் கதவு எப்ப திறந்தனீங்கள்?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம்.

கல்வெட்டை எழுதியது யார் என்று கேட்டதற்கு அம்மான், "தமிழ் தெரிஞ்ச ஒராள்" என்றாராம். ஒராள்! ராப்பகலா நான் மாரடிக்க, ஆரோ ஒராள்! பொம்பிளை எழுதினதெண்டு சொன்னால் உவரின்ரை புகழ் குறைஞ்சு போமோ? வயிறு பத்தியெரியுது.

27.8.1975
அம்மான் வந்தார். இருக்கவுமில்லை.

"பிள்ளை, என்னைப் பொய்யனாக்கிப்போட்டீர்."

"அந்த அடியை வெட்டுவமே?"

"வெட்டினால் முருகேசு சும்மா விடுவானே? ஊருக்கே இப்ப பாட்டுப் பாடம்." படலைவரை போய்த் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலைக்கு வாரும். தனிய வராதையும். நீர் ஒராள் வந்தால் கன்னி. 'கன்னியர்' எண்டெல்லே எழுதி வைச்சிருக்கிறீர்."

29.8.1975
வளாகத் தோழி றோசம்மாவின் கடிதம். போட்டிக்கு இதுவரை வந்தது ஒரே கதைதானாம். அனுப்பியவர் நடுவரின் மருமகன். படைப்பாற்றல் போதாமையால் முடிவுத் திகதியைச் செப்ரெம்பர் 15 ஆக்கியிருக்கிறார்கள்.

31.8.1975
போனோம்! நான், அம்பிகை, அவளுடைய மச்சாள்மார் இருவர். காவலுக்கு அம்மா. கடதாசிக்காரர் எங்களைக் கண்டதும் கையிலிருந்த துரும்புச் சீட்டோடு எழும்பிப் போனார்கள்.

அம்மான் அலுமாரியைத் திறந்துவிட்டார். புத்தகம் எல்லாவற்றுக்கும் மண்ணிறக் கடதாசி உறை. உறையில் அன்பளித்தவர் பெயர் மட்டும், பெரிய எழுத்தில். எதை எடுத்தாலும் ஆழ்வாப்பிள்ளைதான் ஆசிரியர். உறைகளைப் பிரிப்பதிலேயே பின்னேரம் போய்விட்டது. அப்படிச் சந்தோசமாக நான் இருந்து கனகாலம்.

7.9.1975
தேங்காயைத் துருவிக் கொடுத்துவிட்டு ஓடினேன். வாசலில் அம்மான், கடதாசிக்காரரைத் திருப்பி அனுப்பிக்கொண்டு நிற்கிறார். "இண்டைக்குப் பொம்பிளையளின்ரை நாளெண்டு தெரியாதோ? கல்வெட்டிலையே கிடக்கு!"

உள்ளே ஆறு கதிரையிலும் பெட்டைகள். நிலத்தில் பாய் போட்டு மிச்சப் பேர். எங்கிருந்து வந்தார்கள் இத்தனை பேர்? மேசையின் நல்ல பக்கத்தில் அம்பிகை.

"கொஞ்சம் தள்ளியிரு. நான் கதையை முடிக்க வேணும்" என்றேன்.

அவள் நிமிரவே இல்லை. "பொறுங்கோ அக்கா, நானும் ஒண்டு எழுதிறன்."

சரியான கோபம் வந்தது. எனக்காக நான் திறப்பித்த கதவு! வெளியே வந்து கிணற்றுக்கட்டில் இருந்தேன். யன்னலுக்குள்ளால் பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்து கிடக்கிறது. கண் கலங்கிவிட்டது. ஏனென்று எழுத வரவில்லை.

இருட்டும்வரை அங்கேயே மடியில் வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். அடுத்த ஞாயிறு வெள்ளனப் போய்க் கதிரை பிடிக்க வேண்டும்.