வேப்பமரத்தடிப் பானகம்

அக்கா, இன்று காலை பானகத்துக்கு வெல்லம் தட்டினேன். சுக்கும் ஏலமும் சேர்ந்து அந்த வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது. இன்று மாரியம்மனுக்குப் பால்குடம். நீ போன பிறகு இது மூன்றாவது.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கும்போது பதினோரு மணிக்கெல்லாம் உனக்குக் கை நடுங்கும். முந்தியில் முடிந்திருக்கும் வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு உட்காருவாய். கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். கூழைக் குடித்துவிட்டு மறுபடி குனிவாய். "எனக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு கொழறுனா ஒண்ணும் கேக்காதடி. இனிப்ப வாயில போடு" என்று சொல்லிவைத்தாய். சொல்லாமல் போயிருந்தால் எனக்கு இத்தனை வலி இருக்காது.

என் மகளுக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. நீதான் பால்குடம் வேண்டிக்கொண்டாய். பால்குடத்தன்று விரதம், உன் பல்லில் ஒன்றும் படவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கினாய். "மாத்திரைய உட்டா டாக்டரம்மா திட்டும்" என்று சிரித்தாய். புது மஞ்சள் புடவை. முந்தியில் முடிச்சு இல்லை. நான் பார்த்தேன். விரத நாளில் வெல்லம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கோயில் வாசலில் குடத்தை இறக்கியதும் உன் உடம்பு ஆடியது. வியர்வை ஓடியது. கண் எங்கேயோ நிலைத்தது. ஆத்தா வந்துவிட்டாள் என்றார்கள். பம்பைக்காரர் அடியைக் கூட்டினார். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நாக்குக் குழற ஏதோ சொன்னாய், ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் உன் காலில் விழுந்து எழுந்தேன். "எம் பொண்ணுக்கு எப்ப தாயி விடியும்?" என்று கேட்டேன். நீ என் தோளைப் பிடித்தாய். அருள் என்று நினைத்தேன். நிற்க முடியாமல் பிடித்திருக்கிறாய்.

பிறகு சாய்ந்தாய். சாமி மலையேறினால் அப்படித்தான் கிடப்பார்கள் என்று வேப்பமரத்தடியில் படுக்க வைத்து விசிறினோம். நாலு எட்டில் ஓர் அண்டா நிறையப் பானகம் இருந்தது. விரதக்காரி, பூசை முடியட்டும் என்று யாரும் தரவில்லை. பூசை முடிந்து எழுப்பினால் நீ எழவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கண் திறக்காமலே மூன்றாம் நாள் போய்விட்டாய்.

அங்கிருந்த நர்ஸம்மா என்னைக் கோபிக்கவில்லை. "மாத்திரையப் போட்டுட்டுப் பட்டினி கெடந்ததுல சர்க்கர எறங்கிடுச்சு. ஆடிக்கிட்டு நின்னப்பவே ஒரு டம்ளர் பானகம் குடுத்திருக்கலாம்மா. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தக்கூடாது, ஒடனே தூக்கியாந்துடணும்" என்றார்.

அடுத்த தை மாதம் மகளுக்கு விக்கிரமங்கலத்தில் கல்யாணம் முடிந்தது. ஆத்தா வாக்கு பலித்தது என்று ஊர் பேசியது.

இப்போது விரதம் இருக்கிறவர்களிடம் முந்தின நாளே போய், விரதத்தன்று மாத்திரை போடலாமா என்று டாக்டரைக் கேட்டீர்களா என விசாரிக்கிறேன். பால்குடத்தன்று அண்டாவோடு நான்தான் நிற்கிறேன். யாருக்கு உடம்பு ஆடினாலும் டம்ளரை நீட்டுவேன். முதல் வருடம் பூசாரி சத்தம் போட்டார். "சாமியா இருந்தா குடிச்சிட்டு ஆடட்டும் மாமா" என்றேன். இன்று ஒருத்தி ஆடினாள். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, செருப்பு எங்கே என்று தேடினாள்.

உன் வெல்ல முடிச்சு இப்போது என் முந்தியில் இருக்கிறது, அக்கா. தினமும் காலையில் உன்னைப் பார்த்ததும் "சாப்ட்டியாக்கா?" என்பேன். விரதம் என்று அன்றைக்கு அதை மட்டும் கேட்கவில்லை. சாமியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.