அம்மா எழுதி ஒட்டியவை

அன்புள்ள மகளுக்கு,

படங்களை வாடகைக்கு விடும் நம் கடையில் இருந்த சினிமா டிவிடிகள் அத்தனையையும் இன்று காலை விற்றுவிட்டேன். அம்மா நம்மை விட்டுப் போன இந்த இரண்டு மாதத்தில் கடையில் நடந்த பெரிய வியாபாரம் இதுதான். சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வாங்க வந்தவர் அடுத்த தெருவில் புதிதாகக் கடை போடுகிறவர், விவரமான ஆள். அம்மா ஒவ்வொரு படத்தையும் பார்த்துவிட்டு உறையில் எழுதி ஒட்டிய சீட்டுகளை நிதானமாகப் படித்தார். பேய்ப் படத்தில், "பேய் மட்டும்தான் ஒழுங்காக நடித்திருக்கிறது." சண்டைப் படத்தில், "கதாநாயகனுக்கு வேறு வேலைவெட்டி இல்லை." காதல் படத்தில், "பெண்ணின் அப்பா சொல்வதுதான் சரி." குடும்பப் படத்தில், "தூக்கம் வராதவர்கள் எடுத்துப் போகலாம்."

"அண்ணே, உங்க வீட்டம்மாவே இப்படி எழுதி வச்சிருந்தா, இதையெல்லாம் நான் யார் தலையில கட்டுறது? சீட்டை உரிச்சுக் குடுங்க, கேட்ட விலையைத் தரேன்."

அவர் சொன்னது நியாயம். இதற்காக அம்மாவோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவன் நான். "பொய் சொல்லிக் குடுத்தா மறுபடி வருவாங்களா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

ஈரத்துணியை வைத்து ஒரு சீட்டை உரித்தேன். மை துணியோடு வந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

பேசி முடித்தது இதுதான்: எல்லாம் கேட்டதில் பாதி விலைக்கு, ஒரு சீட்டையும் அவர் கிழிக்கக் கூடாது. உரித்த அந்த ஒன்றுக்கு மட்டும் முழு விலை.

இப்படிக்கு,
அப்பா