மேல் தட்டு எலிகள்

தம்பி,

நேற்று தொலைபேசியில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "அக்கா, இன்னைக்குச் சட்டைப் பொத்தானை நானே போட்டுட்டேன்! உன் எலிங்களுக்கு ஒரு பீர் வாங்கித் தரணும்" என்றாய். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே ஹோபார்ட்டில் இன்றும் மலை முழுக்கப் பனி.

கை கால்களை முடக்கும் உன் நோயையே எலிகளுக்கு வரவழைத்து, பாதி எலிகளுக்கு மட்டும் நீ இப்போது சாப்பிடும் மருந்தைக் கொடுத்தோம். அவை ஒரு மாதம் கூடுதலாக வாழ்ந்தன. அதை நம்பித்தான் மனிதர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சோதனையில் உன்னைச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

மருந்து மாறிப்போகக் கூடாதென்று, மருந்து குடிக்கும் எலிகளின் கூண்டுகளையெல்லாம் அலமாரியின் மேல் தட்டில் வைக்கச் சொன்னேன். இந்த முறை புதிய எலிகளோடு, மருந்து குடிப்பவற்றைக் கீழேயும் மற்றவற்றை மேலேயும் வைத்துப் பார்த்தோம். மறுபடியும் மேல் தட்டு எலிகள்தான் கூடுதலாக வாழ்ந்தன. அவை மருந்தே குடிக்காதவை.

கூண்டு கழுவும் டெல்வினிடம் கேட்டேன். "கீழ் தட்டுல எப்பவுமே குளிருதான். கதவைத் திறக்கிறப்பல்லாம் நடுங்கும், பாவம். மேல இருக்கிறதுங்க சுகமா தூங்கும். நீங்க கேக்கவே இல்லையே?" என்றாள்.

சோதனையை நிறுத்துவதைச் சொல்ல வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். மாத்திரைப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு. என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

இத்துடன் இரண்டு கம்பளிச் சட்டைகள் அனுப்பியிருக்கிறேன். தலைவழியாக மாட்டிக்கொள்ளலாம். இரண்டிலும் பொத்தான் கிடையாது.

அக்கா