விசிலுக்குத் தத்துவம்

ஜூன் 12
தத்துவத் துறையில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியதற்குப் பரிசு: உடற்கல்வி மாணவர்களுக்கு ‘விளையாட்டுத் தத்துவத்தின் வரலாறு’ நடத்த வேண்டுமாம். முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். பந்துக்குப் பின்னால் ஓடுவதில் தத்துவம் என்ன வாழுகிறது?

ஜூன் 19
முதல் வகுப்பு. பண்டைய கிரேக்கர்கள் உடற்பயிற்சிக் கூடத்திலேயே தத்துவமும் பேசினார்கள் என்றேன். முப்பது கொட்டாவி. கூடவே உடற்கல்வி இயக்குநரும் வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘விசில்’. நோட்டு வேறு எழுதுகிறது அந்த மனுஷன்.

ஜூன் 26
மைதானத்தில் ஆடினால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிக்கூட நம்பிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டேன். விசில் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூலை 3
கல்வித் துறையின் வாலாக இருந்த இந்தப் பாடம், 1970களில் தனிச் சங்கமும் ஆய்விதழும் கண்ட கதை. சுலபமான வழி இருந்தும் கஷ்டமான வழியை விரும்பி ஏற்பதுதான் விளையாட்டு. விதியை மீறுபவன் விளையாடவே இல்லை — எவ்வளவு அழகான வாதம்!
“மேடம், இது பரீட்சைக்கு வருமா?”
லட்சணம்.

ஜூலை 10
வேண்டுமென்றே செய்யும் ஃபவுல் பற்றிய சண்டை. தண்டனையை ஏற்றுக்கொண்டால் அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று ஒரு கட்சி. விதியை மட்டும் பார்க்காதே, விதி எதற்காக என்று பார் — இது பின்னால் வந்த கட்சி.
விசில் எழுந்தார்.
“பதினாலு வருஷம் முன்னாடி, ஃபுட்பால் ஃபைனல்ல, எதிர் டீம் பையன் காலைத் தட்டி விடுடான்னு நான்தான் சொன்னேன் மேடம். எங்க பையனுக்குச் சிவப்பு அட்டை. ஆனா ஜெயிச்சுட்டோம். விழுந்தவனுக்கு முட்டி போச்சு, அப்புறம் அவன் ஆடவே இல்ல. தண்டனைதான் வாங்கியாச்சே, அத்தோட முடிஞ்சுதா?”
“சுவாரசியமான கேள்வி” என்றேன்.
சுவாரசியமாம். த்தூ. எனக்கெல்லாம் ஒரு நாக்கு.

ஜூலை 11
அலமாரியில் இருப்பதையெல்லாம் புரட்டினேன். தட்டியவன் செய்தது சரியா தப்பா என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். விழுந்தவன் ஒரு வரிகூடப் பேசவில்லை. இதைத்தானே நானும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்?

ஜூலை 17
இயக்குநர் அறைக்குப் போனேன். ஈர வலைகளின் நாற்றம்.
“அதுக்கப்புறம் அவரைப் பார்த்தீங்களா?”
“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? உங்க கிளாஸ்ல ஏதாவது பதில் கிடைக்கும்னு வந்தேன்.”
“என் கிளாஸ்ல கிடைக்காது. அவர்கிட்டயே போய்க் கேளுங்க.”
தலையை ஆட்டினார். போவாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

ஜூலை 24
இயக்குநர் வகுப்புக்கு வரவில்லை. பயந்தாங்கொள்ளி.

ஜூலை 31
வகுப்புக்கு இருவருமாக வந்தார்கள், இயக்குநரும் அன்று விழுந்தவரும். அந்த மனிதர் இப்போது மின்சாமான் கடை வைத்திருக்கிறார். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் பேசினார்.
“மன்னிக்கிறதெல்லாம் பெரிய வார்த்தை சார். வந்து கேட்டீங்க. அது வரைக்கும் சரி.”
மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.
திரும்பும்போது இயக்குநர் ஒரு படி கீழே நின்று நின்று அவரை இறக்கினார். இரண்டு மாடி. காற்று வரும் என்று அந்த அறையைக் கேட்டு வாங்கியவள் நான். படிகள் என் மண்டையில் ஏறவே இல்லை.
கீழ்த்தளத்தில் அறை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார் அந்த மனிதர்.