பாதையை அடைத்த தக்காளி மேசை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் இறங்கித்தான் தள்ளினேன். நைரோபியில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை போட்டதே பெரிய விஷயம். அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே, ரவுண்டானா பக்கம், அவினோ என்பவள் தக்காளி மேசை போட்டிருக்கிறாள். சுற்றிப் போகலாமென்றால் இந்தப் பக்கம் சாக்கடை, அந்தப் பக்கம் ஆளேற்றி ஓடும் மட்டாட்டு வேன்கள்.

"இது சைக்கிள் பாதைம்மா," என்றேன்.

"அப்ப இறங்கித் தள்ளுங்க அண்ணே. தக்காளி மேல ஏத்திடாதீங்க," என்றாள்.

நான் வேலை செய்யும் மருந்துக் கிடங்கு வாசலில் காவலாளி வழக்கம்போல, "முசெம்பி அண்ணே, உங்க பென்ஸை எங்க நிறுத்தப்போறீங்க?" என்று கேட்டான். எத்தனை வருடத்து நகைச்சுவை. சிரிக்கத் தெம்பில்லை.

மார்ச் 6

பாதை முடிந்து சாலையில் ஏறியதும் பின்னால் ஒரு கார் ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. எங்கே பறப்பது?

மார்ச் 19, புதன்

அவினோவின் மேசை இரண்டாகிவிட்டது. இப்போது வெங்காயமும் உண்டு.

சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆக்கிரமிப்புப் படங்கள் கேட்டார்கள். நகராட்சிக்கு அனுப்பப்போகிறார்களாம். எனக்கும் எரிச்சல், நின்று படம் எடுத்தேன். எதற்கென்று அவினோ கேட்கவில்லை. தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பெரிய தக்காளி ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள். அந்தப் படத்தையே அனுப்பிவிட்டேன். அவள் முகம் விழாமல் வேறொன்று எடுத்திருக்கலாமோ? — அனுப்பியாகிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

நகராட்சி லாரி வந்து மேசைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாதை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. முதல்முறையாக இறங்காமல் போனேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மழை தொடங்கிவிட்டது, சாலை முழுக்க வண்டிகள் நகராமல் நிற்கின்றன. மட்டாட்டுகள் என் பாதையில் புகுந்து முந்துகின்றன. இப்படிக் குறுக்கே புகுந்து 'ஓவர்லாப்' செய்யாத ஓட்டுநரை இந்த ஊரில் ஓட்டுநர் என்றே மதிக்கமாட்டார்கள்.

இத்தனை நாள் ஏன் புகவில்லை? இன்று நின்று பார்த்தேன். பாதை நெடுகிலும் உயரமான கரைக்கல் இருக்கிறது. ரவுண்டானா பக்கம் மட்டும்தான் சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவில்தான் அவினோவின் மேசை நின்றது.

கதவில் தொங்கிய கண்டக்டர், "பெரியவரே, ஓரம் போ," என்று கத்தினான். எந்த ஓரம்? நான் ஓரத்தில்தானே இருக்கிறேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

விழுந்துவிட்டேன். மட்டாட்டின் பக்கக் கண்ணாடி வலது தோளில் இடித்தது. சாக்கடையில் போய் இடது கையை ஊன்றினேன். வண்டி நிற்கவில்லை. எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. முன்சக்கரம் கோணிவிட்டது.

என் மனைவி எம்பித்தே தைலம் தேய்த்தாள். பிறகு கேட்டாள்: "அடுத்த தடவை எனக்கு யாரு வந்து சொல்லுவா? அந்த மட்டாட்டுக்காரனா?" சைக்கிளை மச்சாகோஸில் இருக்கும் அவள் தம்பிக்கு அனுப்பிவிடப் போகிறாளாம்.

ஏப்ரல் 24, வியாழன்

மட்டாட்டில்தான் போய்வருகிறேன். இரண்டு மணிநேரம். இன்றும் தாமதம். மேலாளர் வைராகு கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. "சைக்கிள்ல வந்தப்ப கதவைத் திறக்கிறதே நீங்கதான். இப்ப திறந்துவெச்சுட்டு உங்களுக்குக் காத்திருக்கோம். அடுத்த மாசத்துக்குள்ள சரியாகலைன்னா வேற ஆள் பாக்கணும் முசெம்பி."

இன்னொன்றையும் எழுதவேண்டும். காலையில் நான் இருந்த மட்டாட்டே அந்தச் சரிவில் ஏறிப் பாதையில் புகுந்தது. முன்னால் போன சைக்கிள்காரர் சாக்கடைப் பக்கம் குதித்தார். உள்ளே யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் நேரமாகிவிட்டது. நானும் சொல்லவில்லை. ச்சே, என்ன மனுஷன் நான்?

மே 1, வியாழன்

தொழிலாளர் தின விடுமுறை. விசாரித்து விசாரித்து அவினோவின் வீட்டுக்குப் போனேன். கயோலேயில், வாசலில் ஒரு பேசினில் தக்காளி வைத்து உட்கார்ந்திருந்தாள். பாதி அழுகல்.

"வாங்க, போட்டோக்காரரே," என்றாள். "அந்தப் படத்தைக் காட்டித்தான் அள்ளிட்டுப் போனாங்க. நல்லாத்தான் விழுந்திருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பைக் கடையில வெச்சா யாரு வாங்குவா?" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு டீ கொடுத்தாள்.

பழைய இடத்திலேயே மேசையைப் போடச் சொன்னேன். மறுபடி லாரி வந்தால்? அவள் கேட்டது நியாயம்தான். வந்தால் நானும் பக்கத்தில் நின்று பேசுகிறேன் என்றேன். அதற்கு மேல் என்னிடம் என்ன இருக்கிறது?

மே 3

'அந்த மேசை இருக்கட்டும்' என்று குழுவில் எழுதினேன். ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார். வெளியேறிவிட்டேன்.

எம்பித்தே நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "மேசை நிக்கிற வரைக்கும் போங்க. அது போன அன்னைக்கே சைக்கிளும் மச்சாகோஸ் போயிடும்," என்றாள்.

மே 12, திங்கள்

சக்கரத்தை நிமிர்த்தியாயிற்று. விடியும்போது அவினோவின் புது மேசைப் பலகையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். கூடையோடு அவள் பின்னால் நடந்து வந்தாள். சரிவில் மேசைக் கால்களை ஊன்றினோம்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டா சைக்கிள் மட்டும் போகலாமே," என்றேன்.

"சைக்கிள் போற சந்துல மோட்டார் சைக்கிள் போகாதா?"

ஒரு மட்டாட்டு மூக்கை நுழைத்து ஹாரன் அடித்தது. அவினோ தலை நிமிராமல் தக்காளியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி பின்னால் போனது.

நான் சைக்கிளில் காலைப் போட்டேன்.

"இறங்கித் தள்ளுங்க அண்ணே. தக்காளி மேல ஏத்திடாதீங்க."

இறங்கித் தள்ளினேன்.